ஸ்பானிஷ் அக்காவின் வோட்டு

படத்தில் வேட்பாளர் கண்களை மூடிக்கொண்டு வலக்கையை உயர்த்தியிருக்கிறார். பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர், நன்றாக அயர்ன் பண்ணி மினுக்கிய நீலச் சட்டையுடன், மைக்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி நிற்கிறார். பின்சுவரில் ஒரு மரச்சிலுவை, அதைச் சுற்றிக் காகிதப் பூக்கள். ரொறன்ரோவில் ஒரு ஸ்பானிஷ் தேவாலயத்தின் நிலவறையில் எடுத்த படம். நான் அதில் இல்லை. என் போனில் நான்தான் எடுத்தேன். போன் மாற்றியபோதெல்லாம் எத்தனையோ படங்களை அழித்திருக்கிறேன், இதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. வேட்பாளரின் முகத்தில் அப்படியொரு பக்தி. பார்க்கிறவர்கள் அவர் ஆண்டவருக்குச் சத்தியம் பண்ணிக்கொடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மைக்கைப் பிடித்திருப்பவர் ஸ்பானிஷ் அக்காவின் தம்பி. அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ரெக்ஸ்டேலில், சான்ட்விச் செய்து பெட்டியில் அடைக்கிற ஒரு பக்ரறியில் நான் பல வருஷம் வேலை செய்தேன். எங்கள் லைனுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். எல் சல்வடோர் நாட்டுக்காரி. ரொறன்ரோத் தமிழருக்கு மெக்சிக்கோ, கொலம்பியா, எல் சல்வடோர் எல்லாம் ஒன்றுதான், எல்லாரும் ‘ஸ்பானிஷ்காரர்’. யாராவது எங்களை இந்தியர்களா என்று கேட்டால் மட்டும் எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். லைனில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். ஒருத்தி அக்கா என்று கூப்பிட, மற்றவர்களும் கூப்பிட, அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். தலையில் வலையும் கையில் உறையும் போட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் மாதிரி நிற்போம். அவர் மட்டும் பளிச்சென்று சிவப்பு லிப்ஸ்டிக் பூசியிருப்பார். இந்தச் சான்ட்விச் பாணுக்கு ஏன் இவ்வளவு அலங்காரம் என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். “பாணுக்குக் கண் இல்லைத்தான் பிள்ளை, எனக்கு இருக்குது” என்றார்.

அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது என் காதில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியேதான் எழுதுகிறேன்.

தன் நாட்டுச் சண்டைக்குள்ளிருந்து இளம் வயதில் தப்பி வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, குடியுரிமையும் எடுத்தவர் அக்கா. தம்பி வெகு காலம் பிந்தி வந்தார். அங்கே கப்பம் கேட்கும் கும்பல் ஒன்று அவரைக் கொல்லத் தேடியது. இங்கே அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். உங்கள் நாட்டிலேயே வேறொரு ஊருக்குப் போய் வாழலாமே என்று காரணம் சொன்னார்களாம். அந்த வசனத்தைக் கேட்டு வயிறு எரிந்தவர்கள் எங்கள் சனத்திலும் நிறையப் பேர். அவர் திரும்பிப் போகவில்லை. வதிவிடப் பத்திரம் எதுவும் இல்லாமல் அக்காவின் அப்பார்ட்மென்டில் தங்கி, கூரை வேலைக்குப் போய்வந்தார். பல்லு வலித்தால் டொக்டர் இல்லை, கடையில் வாங்கிய குளிசைதான். பொலிஸ் கார் பக்கத்தில் வந்து நின்றால் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவார். அக்காவின் கணவர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இந்தப் பூமியில் அவருக்கு என்று மிஞ்சியிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். “அவன் இங்க இல்லை.” அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

அப்படி இருக்கையில்தான் தேர்தல் வந்தது. வேட்பாளர் பக்ரறி வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து வந்து நின்று கைகொடுத்தார். எங்களுக்கு வணக்கம், அக்காவுக்கு ஸ்பானிஷில் இரண்டு சொல். இந்த நாட்டில் வருஷக்கணக்காக உழைத்துக்கொண்டு பத்திரமில்லாமல் இருப்பவர்களுக்குப் பத்திரம் கொடுக்கத் தங்கள் கட்சி திட்டம் கொண்டுவரும் என்றார். அடுத்த சனிக்கிழமை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு வேட்பாளருக்காகக் கதவு தட்டப் புறப்பட்டுவிட்டார். அக்காவின் கட்டடத்தில் ஸ்பானிஷ் வீடுகள் அவருக்கு, தமிழ் வீடுகள் எனக்கு. தமிழ் வீடுகளைக் கண்டுபிடிக்க எனக்குப் பெயர்ப்பட்டியல் தேவைப்படவில்லை, கறி மணம் போதும். ஸ்பானிஷ்காரர் அக்காவுக்குக் கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, முழுக்கதையும் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, “உவர் வந்தால் எங்கட சனத்துக்கு என்ன செய்வார் தங்கச்சி?” என்று கேட்டார்கள். எங்கட சனம் யார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

நிலவறைக் கூட்டம் அதற்குப் பிறகு. அக்காவின் சபையில் சாட்சி சொல்லுகிற வழக்கம் உண்டு. துன்பப்பட்ட ஒருவர் எழுந்து எல்லோர் முன்னிலும் தன் கதையைச் சொல்வார். கேட்டவர்கள் கை உயர்த்துவார்கள். கை உயர்த்தினால் அந்த ஆளின் பாரத்தில் உனக்கும் பங்கு, பிறகு கைவிட முடியாது. வேலை போனவருக்கு வேலை தேடிக் கொடுத்தது, நோயில் கிடந்தவரைப் பராமரித்தது எல்லாம் அப்படிக் கை உயர்த்தியவர்கள்தான். வேட்பாளர் சபைக்கு வருகிறார் என்றதும் அக்கா தம்பியை அழைத்துவந்து நிறுத்தினார். தம்பிக்கு விருப்பமில்லை. எனக்கும் பயமாக இருந்தது, இதெல்லாம் வெளியில் சொல்லுகிற கதையா என்று கேட்டேன். “அவர் கேட்கவேணும் பிள்ளை. கேட்டுப்போட்டுக் கை உயர்த்தினா, அதுக்குப் பிறகு அவர் எங்கட ஆள்” என்றார் அக்கா. தேர்தல் கூட்டத்தைச் சபையாக நினைத்தார். கூட்டமும் சபை மாதிரித்தானே இருந்தது, அதே நிலவறை, அதே கதிரைகள், அதே மைக்.

தம்பி சொன்னார். கும்பலைப் பற்றி, கூரையிலிருந்து விழுந்து கை முறிந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாததைப் பற்றி, அம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்ததைப் பற்றி. சனம் அழுதது. கைகள் உயர்ந்தன. வேட்பாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். அக்கா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. அந்தப் படம் சமூகப் பத்திரிகையிலும் வேட்பாளரின் பேஸ்புக் பக்கத்திலும் வந்தது. அவர் வென்று எம்பியானார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பத்திரத் திட்டத்தை ஆராய்கிறோம் என்றார்கள், பிறகு மறுபடியும் ஆராய்கிறோம் என்றார்கள். அதற்கிடையில் நாட்டின் வாய் மாறியது. வாடகை ஏறினால், ஆஸ்பத்திரியில் காத்திருந்தால், பஸ்ஸில் இடமில்லாவிட்டால், எல்லாவற்றுக்கும் வந்தவர்கள்தான் காரணம் என்றானது. எங்கள் வீட்டிலேயே அந்தப் பேச்சு வந்துவிட்டது. அதற்குள் நாங்கள் மார்க்கம் என்ற புறநகரில் வீடு வாங்கிப் போயிருந்தோம், நான் பக்ரறியையும் விட்டிருந்தேன். “எல்லாரையும் உள்ள விட்டா எங்கட பிள்ளையள் எங்க வீடு வாங்கிறது? வாறதெண்டா முறையா வரவேணும்” என்றார் என் கணவர். இவர் கனடாவுக்கு வந்தது தலை மாற்றிய பாஸ்போர்ட்டில். யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட், அதில் இவருடைய படம். பிளேன் தரையிறங்குவதற்குள் கழிப்பறைக்குள் நின்று அதைத் துண்டு துண்டாகக் கிழித்தவர். “நீங்கள் வந்தது எந்த முறை?” என்று கேட்டேன். “அது அந்தக் காலம்” என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எம்பிமாருக்கு இந்த வீடுகளின் பேச்சு நன்றாகக் கேட்கும். எங்களிடம் வோட்டு இருக்கிறதே.

ஒருநாள் விடிகாலையில், கூரை வேலைக்கு ஆட்களை ஏற்றுகிற வான் வண்டியை, பத்திரமில்லாதவர்களைப் பிடிக்கிற எல்லை அதிகாரிகள் மறித்தார்கள். தம்பி அகப்பட்டுக்கொண்டார். யார் சொன்னார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படம்தான் காட்டிக்கொடுத்தது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். இருக்காது என்று சொல்ல என்னிடமும் ஆதாரம் இல்லை.

எம்பியின் அலுவலகத்துக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வேலைக்கு இருந்தது இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பெண். என்னைத் தமிழ் என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். “அன்ரி, ஐ ஆம் சோ சொறி. இப்ப பொலிசி மாறீட்டுது. எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. அவையளுக்கு ஒரு லோயரைப் பாக்கச் சொல்லுங்கோ” என்றாள். அதை நான் என் உடைசல் ஆங்கிலத்தில் அக்காவிடம் சொன்னதும் அவர், “அவர் கை உயர்த்தினவர் எண்டு சொல்லு” என்று என்னிடம் சொன்னார். நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? கொஞ்ச நாளில் தம்பியை எல் சல்வடோருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அக்கா லிப்ஸ்டிக் பூசவில்லை என்று லைனில் நின்ற பெண்கள் சொன்னார்கள். நான் போகும்போதெல்லாம் தம்பியின் பேச்சுத்தான். அங்கே ஒரு மச்சானின் வீட்டுப் பின்னறையில் இருந்தார், தெருவுக்கு இறங்குவதில்லை. “இஞ்ச ஒளிச்சிருந்தது போதாதெண்டு அங்கயும் ஒளிச்சிருக்கிறான்” என்பார். பிறகு ஒரு மாரிக்காலத்தில் தம்பியிடமிருந்து போன் வருவது நின்றது. மச்சானின் போனும் எடுபடவில்லை. அக்கா அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்.

மறு தேர்தலும் வந்தது. நான் அக்கா வீட்டில் இருந்த ஒரு பின்னேரம் எம்பியே வந்து கதவைத் தட்டினார். இந்தமுறை வேறு பேச்சு. குடிவரவில் ஒழுங்கு வேண்டும், வரிசையில் நின்று முறையாக வந்தவர்களுக்கு அநியாயம் நடக்கக்கூடாது, மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நாங்கள் மக்கள் சொல்வதைக் கேட்கிறவர்கள் என்றார். “அப்ப நான் மக்கள் இல்லையோ?” என்று அக்கா கேட்டார். அவர் சிரித்தார். முகத்தை எங்கேயோ கண்டது போலப் பார்த்து, ஞாபகம் வந்ததும் நிஜமாகவே சந்தோஷப்பட்டு, “உங்கள் தம்பி! மறக்கவே முடியாத பேச்சு. எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது. அக்கா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்.

“அவன் இங்க இல்லை” என்றார்.

தேர்தலன்று நான் மார்க்கத்திலிருந்து காரில் போய் அவரை ஏற்றினேன். முழங்கால் வருத்தம், நடக்க முடியாது. மற்றக் கட்சியோ, எம்பியின் கட்சியைவிட மோசமாகப் பேசிக்கொண்டிருந்தது. போகாமல் வீட்டில் இருங்கள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. வோட்டுப் போடும் இடம் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம். அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் குனிந்து வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். காரில் ஏறியபின், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று தெரியும், கேட்டேன்.

“என்ர தம்பியின்ர பேரை எழுதினன்” என்றார் அக்கா. “முழுப் பேரையும். எங்கட வழக்கப்படி அம்மாவின்ர குடும்பப் பேரோட சேர்த்து.”

இரவு டிவியில் எம்பி மறுபடி வென்றார், முன்பைவிடச் சுலபமாக. என் கணவர் கை தட்டினார். நான் அந்த ஜிம்மில் வோட்டுகளைப் பிரிக்கிற மேசையை நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் அந்தத் தாளை விரித்திருப்பார். பென்சிலில் எழுதிய நீண்ட பெயரை ஒருதரம் வாசித்துப் பார்த்திருப்பார். இந்தத் தொகுதியில் அப்படி ஒருவரும் நிற்கவில்லையே என்று செல்லாத வோட்டுகளோடு போட்டிருப்பார்.