பெரிய சான்றிதழுக்கு நான் எழுதிய விண்ணப்பம்

திட்ட மேலாண்மைக்குச் சான்றிதழ் இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சின்னதற்கு அனுபவம் தேவையில்லை. கல்லூரி முடித்து வருகிறவர்களுக்கானது. பெரியதற்கு, வேலைகளைத் தலைமை தாங்கி நடத்தியிருக்க வேண்டும். அதை மேலதிகாரி ஒருவர் உறுதி செய்யவும் வேண்டும். ஒரகடத்தில் ஒரு கம்பெனி மேலாளர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. பெரியது இருந்தால்தான் வாசலுக்குள்ளேயே விடுவார்கள்.

அந்த வேலை எனக்கு வேண்டும். டிப்ளமோ முடித்த கையோடு, தொழிற்சாலைகளுக்கு ஷெட் கட்டித் தரும் காஞ்சிபுரம் காண்டிராக்டர் ஒருவரிடம் சேர்ந்தவள் நான். ஆள் பிடிப்பது, இரும்பு வரவழைப்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது, சொன்ன தேதியில் சாவி கொடுப்பது எல்லாம் நான்தான். பதவி மட்டும் கோ-ஆர்டினேட்டர். மேலாளர் நாற்காலி முதலாளியின் மருமகனுக்கு என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள், அதுவும் என் காதுபடவே. காலனியிலிருந்து வந்தவளுக்கு ஏசி ரூம் கிடைத்ததே பெரிது என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர் சின்னதையே எழுதச் சொன்னார்.

“அது கண்டிப்பா கெடைக்கும்மா. பெருசுகூட இன்னாத்துக்கு மல்லுக்கட்டிக்கினு இருக்கற?”

“இந்த வயசுல ஃப்ரெஷர் சர்டிபிகேட்ட வெச்சிக்கினு எங்க போயி நிக்கிறது?”

“அப்ப உன் இஷ்டம்.”

பெரியதற்கே எழுதினேன். அங்கேதான் சறுக்கியது. எங்கள் ஊரில் கோயில் விசேஷமோ இரங்கல் கூட்டமோ, எதற்கு நோட்டீஸ் அடித்தாலும் பெரிய மனிதர் ஒருவரின் தலைமையில்தான் அடிப்பார்கள். அவர் வந்தாரா, வேலை செய்தாரா என்பதெல்லாம் யாருக்கும் கவலையில்லை. ஒவ்வொரு ஷெட்டுக்கும் பூஜை போட்டுச் சாவி கொடுக்கும்போது பேனரில் முதலாளி தலைமையில் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். விண்ணப்பத்திலும் கை தானாக அப்படியே எழுதியது. ஆங்கிலத்தில், ஒவ்வொரு வேலைக்கும், எங்கள் நிர்வாக இயக்குநரின், அதாவது முதலாளியின், தலைமையில் என்று. அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அப்படிப் போடாவிட்டால் திமிர் என்பார்களோ என்ற பயமும் இருந்தது.

சான்றிதழ் தருகிறவர்களிடமிருந்து பதில் வந்தது. நீங்கள் உதவியாக இருந்தது தெரிகிறது, தலைமை தாங்கியதாகத் தெரியவில்லை என்றார்கள். திருத்தி எழுதி, மேலதிகாரியின் உறுதியோடு மறுபடி அனுப்பலாமாம்.

திருத்திய தாள்களோடு முதலாளி முன்னால் போய் நின்றேன். பொறுமையாகப் படித்தார்.

“எல்லாத்தையும் நீதான் நடத்தினன்னு நான் கையெழுத்து போட்டா, நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு கேக்க மாட்டாங்களாம்மா?”

“சார், உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்மா. அதுக்குன்னு எழுதிக் குடுக்க முடியுமா?”

கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு சின்னதையே எழுதிப் பாஸ் செய்தேன். அதை இணைத்து ஒரகடத்துக்கு அனுப்பினேன். போன் செய்த பெண், “இது ஃப்ரெஷர்ஸுக்கு உள்ளது மேடம். மேனேஜர் போஸ்டுக்கு இது போதாது. ஃப்ரெஷர் போஸ்டுக்கு உங்க ஏஜ் தாண்டிடுச்சு” என்றாள். குரலில் பரிதாபம் இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மருமகன் வந்து சேர்ந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளைக்கு அந்தப் பெரிய சர்டிபிகேட்டு வேணுமாம்மா. நீதான் எழுதிப் பழகி இருக்கறியே. நம்ம ஷெட்டு வேலைங்களையே போட்டு எழுதிக் குடுத்துடு. கையெழுத்து நான் போட்டுடறேன்.”

இந்த வேலையையும் விட்டால் எனக்குப் போக இடமில்லை. மழையில் நின்று நான் முடித்துக் கொடுத்த வாலாஜாபாத் ஷெட்டை, மருமகன் தலைமை தாங்கி நடத்தியதாக எழுதினேன். மற்ற ஷெட்டுகளையும் அப்படியே எழுதினேன். அப்போதெல்லாம் அவர் எந்த ஊரில் இருந்தாரோ. ஆனாலும் ஒரு வரி பிசகாமல் எழுதினேன்.

உடனே ஏற்றுக்கொண்டார்கள்.