இரு வீட்டாரும் சேர்ந்து தள்ளிய கார்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

கொட்டாஞ்சேனைத் திருமணங்களுக்கு என்னுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரையே விரும்பிக் கேட்பார்கள். துறைமுகத்தில் இயந்திரம் பழுதுபார்த்த இந்தக் கைகளாலேயே அதனைப் புதுப்பித்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அண்மையில் ஒரு திருமணத்தன்று, மலர் அலங்காரம் செய்வோர் கதவுகளைத் திறந்து மூடும் வசதிக்காகச் சாவியைக் காரிலேயே விட்டுத் தேவாலயத்தினுள் சென்றேன். அது என் தவறு. மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமிடும் வேளையில் வெளியே வந்தபோது, கோட்டு அணிந்த ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, கிளம்பாத காரை இரு வீட்டு உறவினர்களும் வியர்வை வழியத் தள்ளிக்கொண்டிருந்தனர்.

"ஆர் இவர்?" என்றேன்.

"மாப்பிள்ளை பக்கத்து ஆள்தானே, அண்ணை," என்றார் பெண்ணின் மாமா.

"எங்கட ஆளோ? உங்கட ஆள் எண்டு நினைச்செல்லோ நாங்கள் இவ்வளவு நேரமும் தள்ளுறம்," என்றார் மாப்பிள்ளையின் தமையன்.

அதற்குள் அம்மனிதர் இறங்கி ஓடிவிட்டார்.

ஊரே கூடித் தள்ளியிருந்தாலும் கார் கிளம்பியிராது. எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் ரோட்டரைக் கழற்றி, வழக்கம்போல் என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

இப்பொழுது சாவியும் என்னோடு பூசைக்கு வருகிறது. அத்துடன், இரு வீட்டிலும் காருக்குப் பொறுப்பானவர்களை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

இக்குறிப்பைத் தங்கள் ஏட்டில் பேணி வைக்குமாறு வேண்டுகிறேன்.