ஐந்தரைக்கு மேல் வரமாட்டார்

என் வீட்டுக்காரரைச் சோம்பேறி என்று எங்கள் குடியிருப்பில் நாலு பேர் சொல்கிறார்கள். சொல்கிற நாலு பேர் வீட்டிலும் அவர் கைவைத்த ஏசிதான் ஓடுகிறது. அதற்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அவரைச் சோம்பேறி என்கிறார்கள். எங்கள் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘ஐந்தரைக்கு மேல் வரமாட்டார். ஞாயிறு கிடையாது.’ எழுதியது நான். அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பவர்களோடு முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது போவதில்லை. நடந்ததை ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிக்க விருப்பமுள்ளவர்கள் படிக்கட்டும்.

அவர் ஏசி மெக்கானிக். பதினோரு வருடம் ஒரே சர்வீஸ் கம்பெனியில் இருந்தார். ஏசி சரியாகக் குளிர்கிறதா என்பதை மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே பைப்பைப் புறங்கையால் தொட்டுச் சொல்லிவிடுவார். மகளுக்குக் காய்ச்சலா என்று பார்க்கவும் அதே புறங்கைதான். நான் ஒரு மருந்துக்கடையில் மூன்று மணிவரை வேலை பார்க்கிறேன், தெர்மாமீட்டர் இல்லாமல் எதையும் நம்பமாட்டேன். ஆனாலும் இந்த விஷயத்தில் அந்தக் கை ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

ஏசிக்காரர் வீட்டில் ஏசி இல்லை. இது அக்கம்பக்கத்தில் பெரிய ஜோக். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, தலைக்கு மேல் நேராக மொட்டைமாடி. மத்தியானத்தில் சுவரில் கைவைத்தால் சுடும். "உங்க வீட்டுலயே இல்லன்னா எப்படிங்க?" என்று யாராவது கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே, "நாள் பூரா அந்தச் சத்தத்தோடதான் இருக்கேன். வீட்டுலயாவது ஃபேன் சத்தம் கேக்கட்டும்" என்பார். நாங்கள் ஜன்னலில் பழைய பெட்ஷீட்டை நனைத்துக் கட்டி, அதற்குப் பின்னால் டேபிள் ஃபேனை வைப்போம். அந்தக் காற்று போதும் எங்களுக்கு. போதாத அன்றைக்கும் போதும் என்றுதான் சொல்வோம்.

எல்லோருக்கும் வெயில் காலம் என்றால் லீவு. எங்களுக்கு அது அவர் காணாமல் போகும் காலம். மகளுக்கு எட்டு வயது. எட்டு வெயில் காலத்திலும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்ததெல்லாம் தூக்கத்தில்தான். அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் எழுந்திருக்கும்போது அவர் கிளம்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட மட்டும் ஓடிவருவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஃபோன் வந்துவிடும்.

போன வருடம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டு இருக்கும். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அவர்தான். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாடிக்கையாளர் வீட்டுத் தரை அழுக்காகாமல் இருக்கக் காலில் மாட்டுகிற நீல பிளாஸ்டிக் உறைகளைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மேடம், எந்த ரூம்ல கூலிங் வரல?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விளையாடுகிறார் என்றே நினைத்தேன். மகள் ஓடிவந்து, "இந்த ரூம்லதான் சார், வாங்க வாங்க!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அவரும் போனார். சுவரின் மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். ஏசி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, கீழே எங்கள் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது.

"மெஷின் எங்க மேடம்?"

அப்போதுதான் அவர் விளையாடவில்லை என்று தெரிந்தது. என் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். காலில் அந்த நீல உறைகள் அப்படியே இருந்தன.

"காலையில இருந்து இது ஏழாவது வீடு" என்றார்.

"ஏழாவது வீடு நம்ம வீடுங்க" என்றேன்.

மூன்று நாளில் அது அவருக்கே ஜோக்காகிவிட்டது. கம்பெனியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். எனக்கு அப்படி ஆகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, மருந்து அட்டை எண்ணும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எல்லாம் ‘மேடம்’ என்று அவர் கூப்பிட்டது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மேல் கோபம் இல்லை. கட்டின பெண்டாட்டி யாரென்று தெரியாத அளவுக்கு ஒரு மனிதரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, அதை ‘சீசன்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அது இன்றுவரை குறையவில்லை.

இந்த வருடம் வெயில் தொடங்குவதற்கு முன்பே உட்காரவைத்துச் சொன்னேன். "அஞ்சரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது."

"முதலாளி ஒத்துக்கமாட்டாரு."

"நான் அவரைக் கட்டிக்கல."

அவர் அதிர்ந்து பேசாத மனிதர். மறுநாள் போய் முதலாளியிடம் அதை எப்படித்தான் சொன்னாரோ, சொல்லிவிட்டு வந்தார். முதலாளி சிரித்தாராம். "ரெண்டு நாள் இருப்ப. அப்புறம் நீயே வருவ பாரு" என்றாராம்.

முதல் நாள் ஐந்தேமுக்காலுக்கு வீட்டுக்குள் வந்தவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்துப் பழக்கமில்லை. ஜன்னல் கொக்கி ஆடுவதைக் கண்டுபிடித்து முடுக்கினார். குழாயில் சொட்டுவதை நிறுத்தினார். அதற்குமேல் வேலை கிடைக்காமல் நின்றவரை மகள் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பெனி ஃபோனை நான் வாங்கி சர்க்கரை டப்பாவில் போட்டு மூடினேன். உள்ளே அது அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல கெட்டியான டப்பா.

மொட்டைமாடித் தரையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் ஆவியோடு ஒரு வாசனை வரும். துணி ஊறவைக்கிற பெரிய நீலத் தொட்டியை நிரப்பி, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஆறு காலையும் உள்ளே விடுவோம். இடத்துக்கு அடிதடிதான். வாளியில் ஊறிக்கிடக்கும் தர்பூசணியை வெட்டித் தின்போம். கொட்டையை யார் அதிக தூரம் துப்புவது என்று போட்டி வைத்ததில் அவர் துப்பிய கொட்டை தண்ணீர் டேங்கில் போய் விழுந்தது. பத்து வருடம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனிடம் இப்படி ஒரு திறமை இருப்பது எனக்குத் தெரியாது. அடக்கமாட்டாமல் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சீசன்ல சம்பாதிக்காம இது என்ன கூத்து?" என்றாள். "கூத்துதான்க்கா, வந்து காலை நனைங்க" என்றேன். வரவில்லை.

சில நாள் ரயில்வே கேட் வரை நடந்துபோய் ரயில் பார்ப்போம். மகள் பெட்டிகளை எண்ணி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்வாள். சில நாள் கடைத்தெருவில் எதையும் வாங்காமல் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்வருவோம். அதில் ஒரு தொல்லை உண்டு. வழிநெடுக அவர் கண் சுவர்களில் மாட்டியிருக்கும் ஏசி மெஷின்கள் மேல்தான் போகும். "சாய்ச்சு மாட்டியிருக்கான் பாரு, தண்ணி உள்ளயே வடியும்" என்பார். நான் அபராதம் போட்டேன். மெஷினை அண்ணாந்து பார்த்தால் ஆளுக்கொரு குச்சி ஐஸ். "அப்பா மேல பாத்துட்டாரு!" என்று மகள் நடுத்தெருவில் கத்துவாள். ஒரே வாரத்தில் மூன்று பேர் நாக்கும் ஆரஞ்சு நிறமாகிவிட்டது.

ஒரே ஒரு நாள் சாயங்காலம்தான் டப்பாவைத் திறந்து ஃபோனை எடுத்தோம். பிறந்து நாலு நாளான குழந்தை இருக்கிற வீடு என்று தெரிந்ததும் நானே பையை எடுத்துக் கொடுத்தேன். எதற்குப் போகவேண்டும், எதற்குப் போகவேண்டாம் என்று எங்களுக்குத் தெரியும். இதையும் அந்த நாலு பேருக்காகத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் முதலாளி என்னையே கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"சொன்னதே நான்தான் சார்."

ஃபோனை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அப்போது எனக்கு நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்குப் போனோம். பஸ் கடைசியாக நிற்கிற இடம் அது. அங்கே காலால் மிதிக்கிற படகு உண்டு, அரை மணிக்கு ஒரு டிக்கெட். நானும் அவரும் முன்னால் உட்கார்ந்து மிதித்தோம், மகள் நடுவில் திருப்புகிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேராக விடத் தெரியாமல் ஒரே இடத்தில் வட்டம் அடித்தாள். தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்து செருப்பெல்லாம் நனைந்தது. வெயில் சாய்ந்து, பகலெல்லாம் எரித்த காற்று அப்போதுதான் இதமாக அடித்தது. இதைவிட என்ன வேண்டும் என்று நான் நினைத்த அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து சத்தம் வந்தது.

"யோவ்! கரைக்கு வாய்யா!"

முதலாளி. வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, இரண்டு கையிலும் இரண்டு ஃபோன். நாங்கள் எங்கே போனோம் என்று கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியெடுத்து வந்திருக்கிறார்.

"என்ன சார்?" என்றார் இவர், மிதிப்பதை நிறுத்தாமல்.

"நம்ம பெரிய பார்ட்டி வீட்டுல ஹால் ஏசி நின்னுபோச்சு. உன்னைத்தான் கேக்கறாங்க. வா, வண்டில ஏறு!"

"மத்த ரூம்ல ஓடுதா சார்?"

"நாலு ரூம்லயும் ஓடுது. ஹால்லதான் இல்ல."

"அப்ப ரூம்ல உக்காரச் சொல்லுங்க சார். திங்கக்கிழமை மொத வேலையா வந்து பாத்துர்றேன்."

பக்கத்துப் படகுகளில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் முதலாளிக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். குரல் மாறிவிட்டது.

"இப்ப வரலன்னா திங்கக்கிழமை வரவேணாம். பையை ஆபீஸ்ல வெச்சிட்டுப் போயிடு. பதினோரு வருஷம் பாத்தேன், போதும்."

வாடகை, மகளின் பள்ளிக்கூடம், மருந்துக்கடைச் சம்பளம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. இத்தனை நாள் பேசிய வீரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "போயிட்டு வந்துடுங்களேன்" என்று மெல்லச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, மகளின் கைமேல் கைவைத்துக் கம்பியைக் கரைப்பக்கம் திருப்பி மிதிக்கவும் தொடங்கினேன்.

பெடல் நகரவில்லை. இரண்டு பேருடைய பெடலும் ஒரே தண்டில்தான் மாட்டியிருந்தது. அவர் தன் காலை அழுத்தி ஊன்றியிருந்தார்.

"மிதிக்காத" என்றார்.

"வேலை போயிடுங்க."

"பதினோரு வருஷமா போயிட்டுப் போயிட்டுத்தான் வந்தேன். வந்து நின்னப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியல." குரலை உயர்த்தவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். பிறகு கரைப்பக்கம் திரும்பி, "சார், இது அரை மணி டிக்கெட். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவள் நான், முதலில் காலை மாற்றி மிதித்தவளும் நான். அதே சமயம், அந்த நனைந்த செருப்போடு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பார்க்கக் கர்வம் தாங்கவில்லை. அப்படியே எழுந்து நின்று இவர் என் வீட்டுக்காரர் என்று கத்தலாம்போல இருந்தது. படகு கவிழ்ந்துவிடும் என்பதால் சும்மா இருந்தேன்.

மீதி இருபது நிமிடமும் ஏரியைச் சுற்றினோம். மகள் நேராக விடக் கற்றுக்கொண்டாள். நடுவில் ஒருமுறை, "அப்பா, வேலை போயிடுச்சா?" என்று கேட்டாள். "போயிடுச்சுன்னுதான் நினைக்கறேன். அந்தக் கொக்குகிட்ட போகாத, இந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

படகுக்காரர் விசில் ஊதினார். கரைக்கு வந்தோம். முதலாளி இன்னும் போகவில்லை. எங்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது, வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் மகளை இறக்கிவிட்டு, அவளுடைய லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்க" என்றேன்.

சளக் சளக்கென்று செருப்பு சத்தம்போட, திறந்திருந்த அந்தக் கதவைத் தாண்டி நடந்து போனேன். முதலாளி என்னவோ சொல்ல வந்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிக்கெட் ஜன்னலில் கையை நீட்டி இன்னொரு அரை மணிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீ பயந்தியே?" என்றார்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஏறுங்க."