புகைவாளியும் பன்னிரண்டு மாடுகளும்

ஒரு கறுத்த நாம்பன் மாடு என்னைக் கொல்லத்தான் துரத்தியது என்று போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். பாரிஸில், லா சப்பலில் என்னோடு தேநீர் குடித்த எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. சொல்லச் சொல்ல மாட்டின் கொம்பும் வளர்ந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரூ பஜோல் தெருவில் புறாவைவிடப் பெரிய உயிரினத்தோடு பழகியறியாத பிள்ளை. சித்தப்பாவோ வன்னிக் காட்டில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். பாரிஸில் கோப்பை கழுவி அலுத்து, தெற்கே காமார்க் சதுப்பு நிலத்தில் மாடு மேய்க்கப் போயிருந்தார். கோடை விடுமுறைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

அங்கே நாணலும் தண்ணீரும் இரத்தம் குடிக்கிற நுளம்பும்தான். பின்னேரமானால் சித்தப்பா வன்னி வழக்கப்படி ஈரவைக்கோலும் சாணியும் போட்டுப் பட்டிக்குள் புகை மூட்டுவார். முதல் நாள் முதலாளி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனாராம்.

மூன்றாம் நாள் நான் பட்டிக் கதவைச் சரியாகக் கொளுவவில்லை. பன்னிரண்டு மாடுகள் நாணலுக்குள் போய்விட்டன. பண்ணையின் குதிரைக்காரர்கள் நாள் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பொழுதுபட முன்னம் மாடுகள் வராவிட்டால் பெட்டியைக் கட்டு என்று சித்தப்பாவிடம் சொன்னார் முதலாளி. முதலாளி தரும் வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் சித்தப்பா விசா புதுப்பிக்க இருந்தார். கதவைக் கொளுவாமல் விட்டது நான்தான் என்று அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

புகைகிற இரும்பு வாளி ஒன்றை என் கையில் தந்து நாணல் ஓரமாகக் கூட்டிப்போனார். சரசரவென்று ஒரு கறுத்த தலை வெளியே வந்தது. நான் அம்மாவைத் தமிழிலும் பொலிசைப் பிரெஞ்சிலும் கூப்பிட்டேன்.

"டேய், பட்டிக்கு ஓடு! வாளியை மட்டும் விட்டிடாதை!"

ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஒன்றல்ல, பன்னிரண்டும் பின்னால் வருகின்றன. காற்சட்டையின் நிலைமையை இங்கே எழுதவில்லை. பட்டிக்குள் பாய்ந்து, வாளியைப் போட்டுவிட்டு மறுபக்க வேலியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா கதவைக் கொளுவும் சத்தம் கேட்டது.

"என்னைக் கொல்ல வந்தது, சித்தப்பா!"

"ஓம் ஓம். நீ பெரிய வீரன். இறங்கு."

போன மாதம் ரூ லூயி-பிளாங் சாப்பாட்டுக் கடையில், சித்தப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே கதையை எடுத்தேன். வாளியை ஏன் விடக்கூடாது என்று என் மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

"மாடு இவனைத் துரத்தேல்லை, பிள்ளை," என்றார் சித்தப்பா, வடையைப் பிய்த்தபடி. "நுளம்புக்கடி தாங்காமல் புகைக்குப் பின்னாலை வந்தது."

வாளியைக் கீழே வைத்திருந்தால் அவை அதைச் சுற்றி அங்கேயே நின்றிருக்கும். நான் ஆறுதலாக நடந்து வந்திருக்கலாம். சித்தப்பாவுக்கு வேலை போயிருக்கும்.