சரசு அக்கா வாங்கிய கம்ப்யூட்டர்

கேசட்டிலிருந்து கிளம்பிய அந்தக் கீச்சொலி, தகரத்தை ஆணியால் கீறுவதுபோலப் பல்லைக் கூசவைத்தது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வரிசையில் யாரும் அதுவரை அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை வாசலுக்கே வந்து, "என்னாடி, உங்க வீட்டுல பேய் கத்துது?" என்று கேட்டார். பேயல்ல, என் அக்கா சரசு வாங்கி வந்த கம்ப்யூட்டர் தன் விளையாட்டை கேசட்டிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. பள்ளியை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு சீனரின் பூத்தோட்டத்தில் பூக்களை அடுக்கிக் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே முதலாளியான தவுக்கேயின் மகன், விசைப்பலகை மட்டுமே இருந்த ஒரு கருவியைத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதைச் சாப்பாட்டு நேரங்களில் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, அதன்மேல் ஆசைப்பட்டாள். படிப்புக்கு ஆகும், வேலைக்கு ஆகும் என்று வீட்டில் ஒருநாளும் அவள் சாக்குச் சொன்னதில்லை. விளையாட வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாத எங்களுக்கு, அந்தப் பையன் படிக்க வெளிநாடு கிளம்பியது வாய்ப்பாயிற்று. கேசட் கருவி வேண்டாம், எங்கள் கேசட் ரேடியோவே போதும், விளையாட்டுக் கைப்பிடி வேண்டாம், அட்டைப்பெட்டிகூட வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, தோடு வாங்க வைத்திருந்த காசுக்குள் பேரத்தை முடித்துவிட்டாள்.

காய்கறி லோரியின் பின்னால் ஏறி, கொட்டுகிற மழையில், தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்குச் சுற்றிவிட்டு, உதடு நீலம் பாரித்து அவள் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் பயம் குடியேறியது. "தண்ணி பட்டிருந்தா வெடிச்சிருமாடி?" என்று கேட்ட அம்மா, அதை அடுப்பங்கரையில் காயவைத்துவிட்டு, அடுப்புக்கு விறகு தள்ளும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவின் பயம் வேறு. தேயிலை ஆலையில் இலை வாட்டும் பகுதியில் அவருக்கு வேலை. லயத்து வீடு அந்த வேலையோடு ஒட்டியது. வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு டிவி, ஒரு ரேடியோ, அதற்குமேல் எந்தச் "சாமானும்" மாட்டக்கூடாது என்பது தோட்டத்துக் கணக்கரான கிராணியின் கட்டளை. "வேல போனா வீடும் போச்சு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போயி நிப்பேன்?" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னாரே தவிர, வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்படித்தான் அந்த மாலையில், கீச்சொலி ஓய்ந்து திரையில் ஏதோ ஒரு கட்டம் தோன்றிய அதே நொடியில், 'டப்' என்றது. பிளக்கில் ஈரம் தங்கியிருக்க வேண்டும். எங்கள் வீடு மட்டுமல்ல, லயத்து வரிசை முழுவதும் இருண்டுபோனது. ஆட்கள் வெளியே வந்து கத்தினார்கள். பனிமூட்டத்துக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி எங்கள் வாசலை நோக்கி வந்ததைப் பார்த்தபோது நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். கிராணி உள்ளே எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா," என்றார். "சரிங்கய்யா," என்றார் அப்பா.

அக்கா என் கையை விடாததால் நானும் ஆபீசுக்குப் போனேன். தோட்ட மேலாளரான துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். "யாரு வாங்கினது?" என்று கேட்டார்.

"நான்தான் துரை."

"என்னாத்துக்கு?"

படிக்க என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். "விளையாட," என்றாள் அக்கா.

துரை நிமிர்ந்து பார்த்தார். கிராணி முந்திக்கொண்டு, "அத இன்னிக்கே வெளிய தூக்கிப் போடச் சொல்லிருவோம் துரை," என்றார்.  அதுவரை துரை முன்னால் குரலெடுத்துப் பேசியிராத அப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டு வெளக்கக் கழட்டிர்றேன் துரை. அந்தக் கரண்ட்ட இதுக்குக் குடுங்க. புள்ள பூக்கட்டி வாங்கினது. தூக்கிப் போட மாட்டேன்."

எங்களை லயத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.  ஆனால் துரை, வயர்மேனை விட்டுப் பிளக்கைச் சரிபார்க்கச் சொன்னார். "இன்னொரு தடவ லயம் இருட்டாச்சு, வீட்டக் காலி பண்ணணும்," என்றார்.

அப்பா சொன்னபடியே விளக்கைக் கழற்றினார். அம்மா மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சமைத்தார். அக்கா சுவிட்சைத் தட்டும்போது நான் வாசலில் நின்று, மற்ற வீடுகளின் விளக்குகளைப் பார்த்து, "எரியுதுக்கா, எரியுது!" என்று கூவ வேண்டும். ஒரு வெளிச்சம் சற்று மங்கினாலும், "நிறுத்துக்கா!" என்று கத்துவேன். கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு சிறு கட்டம் மற்றக் கட்டங்களிடமிருந்து தப்பி ஓடும் அந்த ஒரே விளையாட்டை, நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அக்கா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, அவர் கண் கதவிலேயே இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. ஆபீஸ் கட்டடத்தில் சுற்றுலா வந்தவர்கள் தேநீர் குடிக்கிறார்கள். சென்ற மாதம் நானும் அக்காவும் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு உனக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

"பயந்தேன்லா," என்றாள். "துரைக்கு இல்ல. தூக்கிப் போடச் சொன்னதுக்கும் அப்பா 'சரிங்கய்யா'ன்னு சொல்லிருவாரோன்னுதான்."