காதைக் காட்டு, கண்ணு

மகள் ஊர் சுற்றக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கண்ணாடிக்காரர் வழக்கத்தை விடவில்லை. ரயில் பெட்டியின் வாசலில் நின்றவளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பக்கக் கம்பியை லேசாக வளைத்து, திரும்ப மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை ஓட்டிப் பார்த்தார். "கண்ணாடி நிக்கிறது மூக்குல இல்லம்மா, காதுல." வண்டி நகர்ந்தது. அவருடைய காதுகள் அன்றைக்கே தக்காளியாகச் சிவந்திருந்தன. அப்பா அழுகையை அடக்குகிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு முன்பெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் நுழைந்தாலே சூடான பிளாஸ்டிக் வாசனை வரவேற்கும். முகம் மறந்தாலும் அவருக்குக் காது மறக்காது. "இடது காது ஒரு நூல் மேல. டீச்சர்தானே?" யாருக்குமே இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பதைப் பெரிய ரகசியம்போல் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. வீங்கிய காதில் கம்பி பட்டாலே உயிர் போனது. அறுபதைத் தாண்டியவர், தன் கண்ணாடியைக் கையால் கண்முன் பிடித்தபடி வேலை பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் மாட்டிவிடுறீங்க, உங்களுக்கு மாட்ட ஆளில்லையா?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் சீண்டுவார்.

"பெரிய மனுஷன்யா நான். கையில பிடிச்சுத்தான் பார்ப்பேன்."

ஒவ்வாமை, கிருமி, மூட்டுவாதம் என்று டாக்டர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "ஜீன்ல ஏதோ மாற்றம் இருக்கலாம்" என்று எலும்பு மஜ்ஜையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஜீன் என்றால் பரம்பரை என்றுதான் இவருக்குத் தெரியும். மகளுக்கும் கொடுத்துவிட்டோமோ என்ற பயம் அன்று பிடித்தது. அவளிடம் மூச்சுவிடவில்லை. வீடியோ காலில் அவள் காட்டிய மலையும் கடலும் அவர் கண்ணில் படவே இல்லை. "காதைக் காட்டு, கண்ணு. அந்தப் பக்கமும்." கம்மல் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று, போன ஊரிலெல்லாம் அவள் ஒரு கம்மல் வாங்கிப் போட்டுக் காட்டினாள்.

திரும்பி வந்த அன்றே மருந்துச் சீட்டுகள் அவள் கண்ணில் பட்டு, குட்டு உடைந்தது. "இதுக்காகவா காதைப் பார்த்தீங்க? பெட்டி நிறையக் கம்மல் வாங்கி வச்சிருக்கேன்ப்பா!" என்று சண்டை போட்டாள்.

வெகு நாள் கழித்து, டாக்டரம்மாவின் செய்தி அவர் ஃபோனுக்கு வந்தது. மகள்தான் வாசித்தாள்: "மரபணு மாற்றம் உறுதியாகிவிட்டது. அது பிறவியில் வந்ததல்ல. வயதான பிறகு உங்கள் மஜ்ஜையில் உண்டானது. மகளுக்குப் போகாது. சிகிச்சை பற்றிப் பேச வாருங்கள்."

"நீயா எதையும் சேர்த்துப் படிக்காதே."

"சத்தியமா இருக்குப்பா."

ஃபோனை வாங்கிக்கொண்டார். மேசையிலிருந்த கண்ணாடியின் கம்பிகளை விரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வலது காதில் மாட்டினார், பிறகு இடது காதில். எழுத்துக்கூட்டுவதுபோல் மெல்லப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே மகளின் முடியை ஒதுக்கி, "இந்தக் கம்மல் எந்த ஊர்ல வாங்கினது?" என்றார்.