அவள் தொலைக்காத மஞ்சள் பை

இதை எழுத வேண்டாம் என்கிறான் என் மகன். படூரில் ஐந்தாவது மாடியில் இருக்கிறான். "அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்குப்பா கிளறுறீங்க? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டான். சொந்தக்காரர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அவனுக்குப் பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கட்டும்.

என் மனைவிக்குக் கடைசி பத்து வருடம் ஞாபகமறதி என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. கருமாதிப் பந்தலில்கூட அதைச் சொன்னார்கள். அது பொய். அந்தப் பொய்யைப் பிறக்கவைத்து வளர்த்தவன் நான்.

மறைமலைநகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு துளை போட எத்தனை நொடி, தட்டிலிருந்து திருகாணியை எடுக்கக் கை எவ்வளவு தூரம் போகிறது என்று கடிகாரத்தோடு நின்று அளப்பது என் வேலை. செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போதே டிரைவர் எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் வீணடிக்கிறார் என்று கணக்கிட்டுக்கொண்டு போகிற ஆள். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் விருப்ப ஓய்வு வாங்கி, மாமல்லபுரத்தில் முன்பே வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அளப்பதற்கு அங்கே என் மனைவியைத் தவிர யாரும் இல்லை.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரும் பழந்துணியில் அவள் போர்வை தைப்பாள். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்த ஒரு பரப்பு, அடியில் ஒரு முழுப் புடவை, நடுவில் நைந்த வேட்டி, துண்டு என்று ஒரு உள் அடுக்கு. மூன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டுவாள். எனக்குப் பொறுக்காதது அவள் துணியைப் பிரிக்கும் விதம். கத்திரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுப்பாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று நேராகக் கிழியும். கிழிந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், தடவுவாள், அது யாருடைய புடவை என்று யாரிடமாவது சொல்வாள். பிறகுதான் அடுத்த துண்டு.

நான் ஒன்பது அங்குலத்தில் ஒரு தகரச் சதுரம் வெட்டி வந்தேன். பலகை போட்டு, எட்டுத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காகிதக் கிளிப்பால் நாலு பக்கமும் பிடித்து, செருப்புக் கடையில் தோல் வெட்டும் கத்தியால் ஒரே இழுப்பில் எட்டுத் துண்டு. நேரம் கால்வாசிக்கு வந்தது.

அவள் மேல் துண்டையும் அடித் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மேல சதுரம். அடியில இருக்கறது என்னங்க, அப்பளமா?" என்றாள்.

"கொஞ்சம் நழுவியிருக்கு."

"நூல் போற போக்குலதான் துணி போகும். நீங்க குறுக்கால அறுத்தா, துவைச்சதும் ஒரு பக்கமா இழுத்துக்கும்."

அவள் சொன்னது சரி. ஆனால் நான் சொன்னதும் முழுத் தவறல்ல. புதுத் துணியாக இருந்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, நூல் ஒழுங்கு பார்த்து, நான்கு அடுக்குக்கு மேல் போகாமல், மேலே கனமான கட்டை வைத்து வெட்டினால் நேரமும் மிச்சம், துண்டும் சரியாக வரும். இதை இன்றும் யாரிடமும் வாதாடுவேன். நைந்த துணிக்கு அது ஆகாது என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. என் தவறு முறையில் இல்லை. அதை அவளுக்கு நிரூபித்தே தீர வேண்டும் என்ற திமிரில் இருந்தது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி. பக்கத்துக் குப்பம். அவள் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அவனுடையது என்று மிஞ்சியது இரண்டு லுங்கிகள். மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தாள்.

"யக்கா, கொயந்தைக்கு ஒரு போர்வ தச்சிக் குடு. தாத்தன் மடிதான் கெடைக்கல, அவன் துணியிலயாவது படுக்கட்டும்."

"தச்சிடலாம்டி. துணி நல்லாத்தான் இருக்கு."

"கத்தி கித்தி வெக்காத. மொத கிழிசல நான்தான் கிழிப்பேன். வளகாப்பு முடியட்டும், வெள்ளிக்கெயம வந்து உன் பக்கத்துல குந்திக்கினு கிழிக்கிறேன்."

என் மனைவி அந்தப் பையைத் தையல் அறைச் சுவரில் தனி ஆணியில் மாட்டினாள். மற்ற துணிகளெல்லாம் கீழே மூட்டைகளில் இருந்தன. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

அதே வாரம் கடற்கரை விடுதி ஒன்று சீசனுக்கு முன் பன்னிரண்டு போர்வை கேட்டிருந்தது. முடியாது என்றாள் அவள். முடியும் என்றேன் நான். அவள் தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று செங்கல்பட்டுக்கு மூன்று நாள் போக வேண்டி வந்தது. அவள் திரும்புவதற்குள் பன்னிரண்டுக்கும் வெட்டி அடுக்கி வைத்து அவள் வாயை அடைப்பது என்று உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல், கடைசி அடுக்கு. எட்டுக்கு இரண்டு குறைந்தது. கை மேலே போய் ஆணியில் இருந்த பையை எடுத்தது. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல இத்தனை வருடமாக முயன்று பார்த்துவிட்டேன். தெரியும். வேகத்தில் இருந்தேன், தெரிந்ததை ஒரு ஓரமாகத் தள்ளினேன். லுங்கிகள் நைந்திருந்ததால் அடியில் போட்டேன். பாதி வெட்டியபோது கத்தி சிக்கியது. பிரித்துப் பார்த்தேன். லுங்கியில் ஒரு கிழிசலை வலை பின்னும் நைலான் நரம்பால் தைத்து முடிச்சுப் போட்டிருந்தது. தோல் வெட்டும் கத்திக்கும் அது அறுபடவில்லை.

அப்போதே நிறுத்தியிருந்தால் பாதி மிஞ்சியிருக்கும். நான் அந்தப் பாதியையும் வெட்டினேன். முழுதாக இரண்டு லுங்கி இருந்தால் கேள்வி வரும், துண்டுகளை மறைத்துவிடலாம் என்று புத்தி ஓடியது. கட்டம் போட்ட லுங்கித் துண்டுகளையெல்லாம் பழைய வேட்டித் துண்டுகளுக்கு நடுவே பரப்பி ஓர் உள் அடுக்கு செய்து, வெளியே தெரியாமல் ஓட்டுத் தையல் போட்டு, "மிச்சத் துணியில் எனக்கு ஒரு போர்வை" என்று அவள் மெஷின் பக்கத்தில் வைத்தேன். பையை மடித்து என் சான்றிதழ்ப் பெட்டிக்குள் வைத்தேன்.

அவள் வந்து தைத்தாள். "உள் அடுக்கை இவ்வளவு நேர்த்தியா நீங்களா பரப்புனீங்க?" என்று கேட்டுக்கொண்டே நாலு பக்கமும் ஓட்டி மூடினாள். தன் கையாலேயே மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆணியைப் பார்த்தாள்.

"இங்க ஒரு மஞ்சப் பை மாட்டியிருந்தேனே?"

"நான் எதையும் பார்க்கலை. நீ மூட்டையில போட்டியோ என்னவோ."

"இல்லீங்க, ஆணியிலதான்..."

"நல்லா யோசிச்சுப் பாரு."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் எனக்கு மன்னிப்பு கிடையாது. அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஆணி மறைந்தது, மூட்டை தெரிந்தது. மீன்காரம்மா கூடையோடு வந்து நின்றபோது, "நான்தான்டி எங்கயோ போட்டுட்டேன்" என்றாள்.

"வூட்டுக்குள்ள வந்த பொருளு வூட்டுக்குள்ளதான் கீது. தேடுக்கா."

தேடினாள். விடுதிக்கே போய், தைத்து அனுப்பியிருந்த பன்னிரண்டு போர்வைகளையும் மணலில் விரித்து, ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சந்தேகப்பட்ட மூன்றின் ஓரத்தைப் பிரித்தாள். விடுதிக்காரர் மறுபடி ஆர்டர் கொடுக்கவில்லை. நான் வீட்டில் மதியத் தூக்கத்தில் இருந்தேன். காலை நீட்டினால் என் போர்வைத் துணி வழியாக அந்த முடிச்சு குதிகாலில் உறுத்தும். காலை மடக்கிக்கொண்டு படுத்தேன்.

ஒருநாள் தங்கையிடம் போனில் அவள் பேசியது கேட்டது. "எனக்கு மூளை கலங்கிப் போச்சுடி. கையில வாங்கின பொருளைக் கூடக் காப்பாத்தத் தெரியல." மறுநாள் அவள் காய் வாங்கப் போன நேரத்தில் போர்வையைப் பிரித்தேன். துண்டுகளை அதே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன்.

மீன்காரம்மா வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருந்தாள். பையை வாங்கி மணலில் கொட்டினாள். முடிச்சு இருந்த துண்டு கையில் வந்ததும் நிறுத்தினாள்.

"இது நான் போட்ட தையலு. யார் சார் அறுத்தது?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பிப் போட்டாள். பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"எட்த்துக்கினு போ. அக்காகிட்ட சொல்லு. அக்கா தச்சிக் குடுக்கட்டும், வாங்கிக்கிறேன்."

"நீயே சொல்லிடேன்மா."

"நான் ஏன் சொல்லணும்? உன் வூட்டு அயுக்க நான் தலையில தூக்கினு வரணுமா? மீன் கூடையே கனமா கீது. போ சார்."

சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது என் மனைவி பூட்டைத் திறந்துவிட்டு, மறுபடி பூட்டி, மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கமாகச் சிரித்தாள். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். துண்டுகள் மறுபடி போர்வைக்குள் போயின. ஓரத்தை நானே கையால் தைத்தேன். கோணல் தையலை அவள் கண்டுபிடித்தாள். "பிரிஞ்சிருந்தது" என்றேன். "பரவாயில்லையே, ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டீங்க" என்றாள்.

குழந்தை பிறந்தது. பெண். போர்வை இல்லாமல் வளர்ந்தது. அதன் பாட்டி தினமும் எங்கள் வாசலில் கூடையை இறக்கி, என் மனைவியைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்பாள்: "இன்னா சார், இன்னிக்கு சொல்றதுக்கு எதனா கீதா?"

"அவருக்கு மீனைப் பத்தி என்னடி தெரியும்?" என்று என் மனைவி சிரிப்பாள்.

ஒரு வருடம் போலக் கேட்டாள். பிறகு எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தன்மீதுள்ள கோபம் என்றே என் மனைவி நம்பினாள். பிறர் கொடுத்திருந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எவர் துணியையும் வாங்கவில்லை. கேஸை மூன்று தடவை பார்ப்பாள், பூட்டை மூன்று தடவை இழுப்பாள். அதை வைத்துத்தான் மறதி என்றார்கள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பால் கணக்கு முதல் பேரன் நட்சத்திரம் வரை எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. இதயம் நின்றுதான் போனாள்.

காரியம் முடிந்ததும் போர்வையைப் பிரித்து, துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குப்பத்துக்குப் போனேன். மீன்காரம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"அவ போயிட்டாம்மா."

"செத்தவகிட்ட தப்பிச்சிக்கினியே சார். அக்காவ மறதின்னு சொன்னவங்கோ எல்லாம் உசிரோடதானே கீறாங்கோ? அவங்களாண்ட சொல்லு. அப்பறம் வா." பையைத் தொடவில்லை.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முதலில் என் மனைவியின் தங்கைக்குப் போன் செய்தேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் சொன்னேன். வயதான காலத்தில் மனசு குழம்பியிருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எதுவும் குழம்பவில்லை. ஆறுதலும் வேண்டாம். பயந்துவிட்டாய், மனிதன்தானே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆகவே எழுதி அச்சில் போடுகிறேன். அச்சானதும் ஒரு பிரதியோடும் பையோடும் குப்பத்துக்குப் போவேன். மீன்காரம்மா வாங்கினாலும் சரி, முகத்தில் வீசினாலும் சரி. முதல் கிழிசல் கிழிக்க அதில் இனி முழுத் துணி இல்லை.

உறவினர்களே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். என் மனைவி அந்தப் பையை ஆணியில்தான் மாட்டியிருந்தாள். அது அங்கேதான் இருந்தது. நான் எடுத்தேன்.